வாசகர் கேள்வி – பதில்: ஒரே ஆளுக்கு வருசம் 1,800 கோடி ரூபா?

கேள்வி: ஐயா, என் அண்ணன் மகன் றொறன்ரோவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரைக்குப் பிறகு அழைத்தால் போனைத் தூக்கவே மாட்டான், கேட்டால் அமெரிக்கக் கால்பந்து ஓடுகிறதாம். அவனுடைய பஃபலோ அணி ஜொஷ் அலன் என்ற குவாட்டர்பேக்குக்கு (பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துபவராம்) ஆறு வருசத்துக்கு 330 மில்லியன் டொலர் எழுதிக் கொடுத்ததென்று துள்ளுகிறான். டலஸ் அணியில் ஒருத்தருக்கு வருசம் 60 மில்லியனாம். ஐம்பத்து மூன்று பேர் உள்ள அணியில் ஒருத்தனுக்கு மட்டும் இப்படி அள்ளிக் கொடுப்பது புத்தியா? அதுவும் இத்தனை வருசத்துக்கு?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: பெறாமகனோடு கோபிக்காதீர்கள். றொறன்ரோவிலிருந்து பஃபலோ காரில் இரண்டு மணித்தியால ஓட்டம், எல்லையைத் தாண்டினால் சரி. அங்கே வளர்ந்த பிள்ளைக்கு அந்த அணியில் பிடிப்பு வராவிட்டால்தான் ஆச்சரியம். அவர்களுக்கு மத்தியானம் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. திங்கட்கிழமை எடுங்கள், கதைப்பான்.

இனி காசுக் கதை. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 60 மில்லியன் என்பது 1,800 கோடி ரூபா. வரும் தலைசுற்றல் வந்து போகட்டும், ஏனென்றால் அங்கே தொகையைவிடப் பங்குதான் முக்கியம். என்.எஃப்.எல். என்ற அந்தத் தொடரில் ஒவ்வோர் அணிக்கும் சம்பள வரம்பு ஒன்று உண்டு. 2025 பருவத்துக்கு அது 279.2 மில்லியன் டொலர். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரனாக இருந்தாலும் வீரர்களின் சம்பளக் கணக்கு அதைத் தாண்டக்கூடாது. அதில் ஒருத்தர் 60 மில்லியன் எடுத்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலே போய்விடுகிறது, மிச்சத்தில் 52 பேருக்குப் படி அளக்க வேண்டும். (உண்மையில் ஒவ்வொரு வருசமும் கணக்கில் ஏறும் தொகை கூடிக் குறையும், அந்த வித்தையைக் கீழே சொல்கிறேன்.)

அப்படியிருந்தும் ஏன் கொடுக்கிறார்கள் என்றால், அந்த ஆட்டமே அந்த ஒருத்தனுடைய கையில்தான் தொடங்குகிறது. நடுவில் குனிந்து நிற்பவன் கால்களுக்கிடையால் பந்தைப் பின்னுக்குக் கொடுக்கிறான், வாங்குகிற குவாட்டர்பேக்குக்கு இரண்டரை, மூன்று செக்கன்தான். முன்னுக்கு ஐந்து பேர் மதில் போல நின்று மறிக்க, அதை உடைத்துக்கொண்டு நூற்றிருபது கிலோ ஆள்கள் அவனை விழுத்த ஓடிவர, அதற்குள் யார் எங்கே ஓடுகிறான், யாரை யார் மறிக்கிறான் என்று பார்த்து எறிய வேண்டும். ஆள் இருக்கிற இடத்துக்கு அல்ல, ஆள் போய்ச் சேரப்போகிற இடத்துக்கு. உதைபந்தாட்டத்தில் நல்ல முன்கள வீரன் ஒருத்தன் இல்லாவிட்டாலும் பின்களத்தை இறுக்கிச் சமாளிக்கலாம். இதில் குவாட்டர்பேக் சரியில்லையென்றால் மற்ற எல்லாம் வெறும் அலங்காரம். அப்படி எறியத் தெரிந்தவன் உலகத்திலேயே பத்து, பதினைந்து பேர்தான் இருப்பான், அணியோ 32. விலை ஏறாமல் என்ன செய்யும்?

கொடுக்கலாமா என்றால், என் பதில் கொஞ்சம் மாறித்தான் வரும். சரியான ஆள் கையில் இருந்தால் விலையையும் பார்க்காதே, நீளத்தையும் பார்க்காதே, கொடு. நடுத்தரமானவனுக்கு, 'இவனும் போனால் யார் இருக்கிறான்' என்ற பயத்தில் அதே விலை கொடுக்காதே. என்.எஃப்.எல். அணிகள் காசைக் கரைத்த இடங்களில் பெரும்பாலானது இந்த இரண்டாவதுதான்.

நீளம் ஆபத்து என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் கேட்டிருக்கிறீர்கள். 2020 ஜூலையில் கன்சாஸ் சிற்றி அணி பட்ரிக் மஹோம்ஸ் என்ற குவாட்டர்பேக்குடன் பத்து வருச ஒப்பந்தம் போட்டபோது உலகமே வாயைப் பிளந்தது. 450 மில்லியன், மேலதிகக் கொடுப்பனவுகளும் சேர்ந்தால் 503 வரை. வருசத்துக்குச் சராசரி 45 மில்லியன். அப்போது வரம்பு 198.2 மில்லியன். ஐந்து வருசத்தில் வரம்பு 279 ஆகிவிட்டது, டலஸின் டக் பிரெஸ்கொட் 60 மில்லியன் வாங்குகிறார், சுப்பர் போல் என்ற இறுதியாட்டத்தை ஒருமுறைகூட அவர் ஆடியதில்லை. மஹோம்ஸ் மூன்று முறை வென்றவர். யாருடைய விலை மலிவு என்று நீங்களே சொல்லுங்கள். இடையில் 2023இல் கன்சாஸ் சிற்றி தானாகவே கணக்கைத் திருத்தி அவருக்குக் கொஞ்சம் முன்கூட்டிக் கொடுத்தது, மனிதன் முகம் சுளிக்காமல் இருக்கவேண்டுமே. வரம்பு வருசா வருசம் ஏறுகிற இடத்தில், நல்ல ஆளை நீண்ட காலத்துக்குப் பழைய விலையில் பிடித்து வைத்திருப்பது அணிக்குத்தான் லாபம்.

ஆபத்து இருப்பது 'உத்தரவாதம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் போடும் தொகையில். அதற்குக் கிளீவ்லண்ட் அணியின் கதை ஒன்று போதும். 2022 மார்ச்சில் டிஷான் வற்சனை வாங்கினார்கள். அதற்காக மூன்று வருசத்து முதல் சுற்றுத் தெரிவுகளையும் (புது வீரர்களை முதலில் எடுக்கும் வாய்ப்பு), அதற்கு மேல் வேறு சிலதையும் ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். ஒப்பந்தம் ஐந்து வருசம், 230 மில்லியன், சதமும் விடாமல் முழுக்க உத்தரவாதம். பல பெண்கள் பாலியல் முறைகேட்டுப் புகார் கொடுத்திருந்த நேரம் அது, தடை வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் முதல் வருச அடிப்படைச் சம்பளத்தை ஒரு மில்லியன் அளவுக்குக் குறைத்து எழுதினார்கள், தடைக் காலத்தில் அவருக்கு நட்டம் வராமலிருக்க! வந்த தடை 11 ஆட்டம். அடுத்த வருசம் தோள் காயம், அதற்கடுத்த வருசம் குதிகால் தசைநார் அறுந்தது. முதல் மூன்று பருவங்களில் 51 ஆட்டத்துக்கு அவர் இறங்கியது 19. காசு மட்டும் முழுக்கப் போனது.

கேள்வி: ஒப்பந்தம் பிழைத்துவிட்டால் ஆளை நிறுத்திவிட வேண்டியதுதானே? ஏன் கட்டி இழுக்கிறார்கள்?
– வாசகர், வவுனியா

பதில்: நிறுத்தலாம். நிறுத்தின பிறகுதான் கணக்கே வெடிக்கும்.

மேலே சொன்ன வித்தை இதுதான். ஒப்பந்தம் எழுதும்போது 'கையொப்ப ஊக்கத்தொகை' என்று பெரிய தொகையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். 50 மில்லியன் என்று வையுங்கள். வீரனுக்கு அது உடனே போய்விடும், வரம்புக் கணக்கிலோ ஐந்து வருசத்துக்குப் பிரித்து வருசம் 10 மில்லியனாக எழுத விதி இடம் தருகிறது. இரண்டு வருசத்தில் ஆளை அனுப்பினால் எழுதாமல் விட்ட 30 மில்லியனும் அணியின் தலையில் விழும். லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரம் பழுதாகி வளவுக்குள் நிற்க, தவணைக்காரன் மட்டும் மாதா மாதம் படலையில் வந்து நிற்கிற மாதிரி. இன்னும் கெட்டித்தனமாக, ஆடவே போகாத வருசங்களையும் ஒப்பந்தத்தின் வாலில் சேர்த்து எழுதித் தொகையை அங்கேயும் தள்ளுவார்கள். பிலடெல்பியா இதில் விண்ணன்.

டென்வர் அணி 2022இல் ரசல் வில்சனைக் கொண்டுவந்து, அவர் தங்களுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடமுதல் ஐந்து வருசத்துக்கு 240 மில்லியனுக்கு மேல் எழுதிக் கொடுத்தது. பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருசம் மிச்சம் இருந்தது, அவசரமே இல்லை. இரண்டு பருவத்தில் கசந்துபோய் 2024 மார்ச்சில் விட்டார்கள், 85 மில்லியன் டொலர் வெறும் கணக்காக வரம்பில் தொங்கியது, அந்த 2024இல் மட்டும் 53. வில்சன் பிட்ஸ்பேர்க் அணிக்குப் போய் அங்கே ஆகக் குறைந்த சம்பளமாக 1.2 மில்லியன் மட்டும் வாங்க, மிச்சத்தை டென்வர் கட்டியது. எதிரணிக்கு ஆடுகிறவனுக்கு நீ சம்பளம் கொடுக்கிறாய், நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இந்தக் கதைக்கு ஒரு பின்கட்டு இருக்கிறது, அதைத்தான் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். அதே 2024இல் டென்வர் பொ நிக்ஸ் என்ற புதுப் பையனை இறக்கி 10 ஆட்டம் வென்று வெளியேற்றச் சுற்றுக்குப் போனது. 53 மில்லியன் கரைந்த பிறகும்! எப்படியென்றால், 2011இல் போட்ட ஒப்பந்த விதிப்படி புதிதாக வருகிறவனின் சம்பளத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அதற்கு முதல் வருசம் முதலாவதாகத் தெரிவான சாம் பிரட்போர்டுக்கு ஆறு வருசத்துக்கு 78 மில்லியன், விதி வந்த வருசம் முதலாவதாகத் தெரிவான கம் நியூட்டனுக்கு நாலு வருசத்துக்கு 22. புதுப் பையன் நன்றாக ஆடினால் அந்த நாலு வருசமும் அணிக்குப் பொற்காலம், மிஞ்சுகிற காசில் நல்ல தடுப்பாளர், நல்ல ஓட்டக்காரர் என்று சுற்றிவர ஆள் சேர்க்கலாம். சியாற்றில் அணி 2014 பெப்ரவரியில் 43–8 என்று டென்வரைச் சப்பித் துப்பியபோது அவர்களுடைய குவாட்டர்பேக் மூன்றாம் சுற்றில் எடுத்த, மலிவுச் சம்பளக்காரன். யார் தெரியுமா? இதே ரசல் வில்சன்தான்.

கேள்வி: பெரிய சம்பளம் வாங்குகிற குவாட்டர்பேக் உள்ள அணி வெல்லாது என்று யூரியூப்பில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். சரியா?
– வாசகர், மாங்குளம்

பதில்: அரைவாசி சரி. சம்பள வரம்பு வந்தது 1994இல், அப்போது 34.6 மில்லியன்தான். அந்த முதல் பருவத்தில் வென்ற சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டீவ் யங் வரம்பில் ஏறக்குறைய 13 சதவீதம் எடுத்தவர். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட முப்பது வருசம், அதைவிடப் பெரிய பங்கு எடுத்த எந்தக் குவாட்டர்பேக்கும் கிண்ணம் தூக்கவில்லை. யூரியூப்காரர் இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார் போல. 2022 பருவத்தில் மஹோம்ஸ் 17 சதவீதத்தோடு வென்று அதை உடைத்துவிட்டார். அடுத்த வருசமும் வென்றார்.

அதற்கு அந்த அணி கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். 2022 மார்ச்சில் தங்களுடைய மிக வேகமான பந்து பிடிப்பாளன் டைரீக் ஹில்லை மியாமிக்குக் கொடுத்துவிட்டு ஐந்து தெரிவு வாய்ப்புகளை வாங்கினார்கள், ஹில் கேட்ட சம்பளத்தையும் மஹோம்ஸின் சம்பளத்தையும் ஒன்றாகச் சுமக்க முடியாது. புதுப் பெடியங்களை வைத்துக்கொண்டு மஹோம்ஸ் வென்றார். 'சரியான ஆள்' என்று நான் சொல்வதன் அளவுகோல் இதுதான்: பக்கத்திலிருக்கிற நல்லவனைக் கழற்றி எடுத்த பிறகும் அணி நிமிர்ந்து நிற்கிறதா?

நிமிராத கதை நியூயோர்க் ஜயன்ற்ஸ். 2023 மார்ச்சில் டானியல் ஜோன்ஸுக்கு நாலு வருசம், 160 மில்லியன். ஒரு நல்ல பருவம் ஆடியிருந்தார், அவ்வளவுதான். அடுத்த வருசம் அதே அணி ஓட்டக்காரன் சேக்வன் பார்க்லியைக் கைவிட, அவர் வருசம் 13 மில்லியன்கூட வராத விலைக்குப் பிலடெல்பியா போய், 2024 பருவத்தில் 2,005 யார் தூரம் ஓடி, கிண்ணமும் தூக்கினார். அந்தக் கிண்ணத்துக்கு இரண்டரை மாதத்துக்கு முதலே ஜயன்ற்ஸ் ஜோன்ஸை அனுப்பிவிட்டது. வயிறு எரியாதா? பிலடெல்பியா குவாட்டர்பேக் ஜேலன் ஹேர்ட்ஸும் 255 மில்லியன் ஒப்பந்தக்காரர்தான், ஆனால் மேலே சொன்ன வாலில் தள்ளும் வித்தையால் ஆரம்ப வருசங்களில் கணக்கில் கொஞ்சமாகத்தான் ஏறியது.

ரொம் பிராடி சம்பளத்தைக் குறைத்து வாங்கித்தான் ஏழு கிண்ணம் வென்றார் என்று அடுத்ததாக யாராவது எழுதுவீர்கள். உண்மை, நெடுநாளாகச் சந்தை விலைக்குக் கீழேதான் வாங்கினார். அவர் மனைவி அப்போது உலகத்திலேயே அதிகம் சம்பாதிக்கிற மொடல்களில் ஒருவர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் உதைபந்தாட்டத்திலும் இப்படி நீண்ட ஒப்பந்தம் இருக்கிறதா?
– மாணவர், புதுக்குடியிருப்பு

பதில்: இருக்கிறது தம்பி, செல்சியைப் பார். 2023 ஜனவரியில் முத்ரிக், என்சோ பெர்னாண்டஸ் இரண்டு பேரையும் எட்டரை வருச ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். வாங்கிய விலையை ஒப்பந்த வருசங்களால் பிரித்துக் கணக்கு எழுதலாம் என்பதால், வருசம் கூடக் கூடக் கணக்குப் புத்தகத்தில் செலவு குறைவாகத் தெரியும். ஐரோப்பியச் சம்மேளனம் விழித்துக்கொண்டு அந்த வருச நடுப்பகுதியிலிருந்து ஐந்து வருசத்துக்கு மேல் பிரிக்க முடியாது என்று விதி போட்டது. அமெரிக்காவில் உள்ளதைப் போல இறுக்கமான சம்பள வரம்பு அங்கே இல்லை, அதனால் ஒருத்தனுக்குக் கொடுத்தால் இன்னொருத்தனுக்கு இல்லாமல் போகும் என்ற நெருக்கடியும் அந்த அளவுக்கு இல்லை.

கேள்வி: எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் சுற்றுப்போட்டிக்கு வெளியூரிலிருந்து ஒருத்தரைக் காசு கொடுத்து இறக்குகிறது. லண்டனிலிருந்து வருகிற அன்பளிப்பில் பாதி அவருக்கே போகிறது. வருசம் முழுக்கப் பயிற்சிக்கு வருகிற எங்கடை பெடியள் வாங்கில் இருக்கிறார்கள். இந்த முறை அவரோடு மூன்று வருசத்துக்குப் பேசி வைக்கப் போகிறார்களாம். உங்கள் அபிப்பிராயம்?
– கழக உறுப்பினர், முல்லைத்தீவு

பதில்: இதற்குத்தான் நான் காத்திருந்தேன், அமெரிக்கக் கதையெல்லாம் உங்களிடம் வந்து சேரத்தான்.

இந்தக் காட்சியை வன்னியில் பார்க்காத மைதானம் இல்லை. நாலு மணிக்கு ஆட்டம், மூன்றே முக்காலுக்கு அந்த அண்ணை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். உடுப்பு மாற்றி, புதுச் சூவைக் கட்டி, 'ஆர் லெப்ற்?' என்று கேட்பார். கேட்கப்படுகிற பெடியனின் சூ அடி கழன்று, பசை போட்டு, அதற்கு மேலால் ரேப் சுற்றியிருக்கும். அவனுக்கு அந்த அண்ணையின் பெயர்கூடத் தெரியாது, அண்ணைக்கும் அவனுடைய பெயர் தெரியாது. பந்து கிடைத்தால் அண்ணை தனியாகக் கொண்டு ஓடுவார், கிடைக்காவிட்டால் கையை விரித்துக்கொண்டு நிற்பார்.

ஓர் ஆட்டத்துக்கு வெளியாள் இறக்குவதில் பெரிய பாவம் எதுவும் இல்லை. எல்லாக் கழகமும் செய்கிறது, சனமும் அதைப் பார்க்கத்தான் வருகிறது. மூன்று வருசம் பேசிவைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கிளீவ்லண்டுக்கு நடந்தது உங்களுக்கு நடந்தால், அவருக்கு முழங்கால் போனால், அல்லது கொழும்பில் வேலை கிடைத்துப் போனால், அன்பளிப்பு அனுப்பியவர்களுக்கு யார் பதில் சொல்வது? எழுத்தில் எதுவும் இராது, வாய்ப்பேச்சுத்தான், சண்டை மட்டும் மிஞ்சும்.

கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். ஆட்டத்துக்கு ஆட்டம் காசு, முற்பணம் கிடையாது. போட்டிக்கு முதல் ஒரு கிழமையாவது வந்து பயிற்சியில் நிற்க வேண்டும், வராவிட்டால் இறக்க வேண்டாம். அவருக்குக் கொடுப்பது மொத்த அன்பளிப்பில் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாதென்று கழகமே ஒரு வரம்பு போடட்டும், என்.எஃப்.எல். முதலாளிகளுக்கே வரம்பு தேவைப்பட்டிருக்கிறது, உங்கள் பொருளாளருக்கு என்ன குறை? நல்ல பந்து நாலு, பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு பயிற்றுநர், இந்த இரண்டுக்கும் காசை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் அண்ணையைக் கூப்பிடுங்கள்.

அவர் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரர் என்றால் அவரையே பயிற்றுநராக எடுத்துவிடுங்களேன். அதற்கு மூன்று வருசம் பேசினால் நானும் கை தட்டுவேன்.

கேள்வி: என் மகன் சாதாரண தரம் எழுதப்போகிறான். குவாட்டர்பேக் சம்பளத்தைக் காட்டி 'விளையாட்டிலும் உழைக்கலாம் அம்மா' என்கிறான். என்ன சொல்ல?
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: அவனிடம் சான் பிரான்சிஸ்கோ குவாட்டர்பேக் புரொக் பேர்டியின் கதையைச் சொல்லுங்கள் தங்கச்சி. 2022இல் தெரிவான 262 பேரில் 262ஆவது ஆள். அணியைச் சுப்பர் போல் வரை கொண்டுபோன 2023 பருவத்தில்கூட அவருடைய அடிப்படைச் சம்பளம் ஒரு மில்லியன் டொலருக்குக் கீழே, வீட்டைக்கூட இன்னொரு வீரரோடு பங்கு போட்டுத்தான் இருந்தார். அந்த 262 பேருக்குள் வரவே நாலு வருசம் பல்கலைக்கழகத்தில் ஆடினார், அங்கே பல்கலைக்கழகம் வழியாகத்தான் பாதை. அதாவது சாதாரண தரத்தை எழுதத்தான் வேண்டும். பின்னேரம் விளையாடட்டும், மறிக்காதீர்கள்.

கேள்வி: சரி ஐயா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அணி உங்களுடையது என்றால் யாருக்குக் கொடுப்பீர்கள், யாருக்கு மாட்டீர்கள்?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: மஹோம்ஸுக்குக் கண்ணை மூடிக்கொண்டு. ஜொஷ் அலனுக்கும் கொடுப்பேன். 2024இல் பஃபலோ தன் முதன்மைப் பந்து பிடிப்பாளன் ஸ்டெபன் டிக்ஸை அனுப்பிவிட்டு 31 மில்லியன் வெறும் கணக்கைச் சுமந்த வருசத்தில், அலன் 13 வெற்றியோடு அணியை அரையிறுதி வரை கொண்டுபோய், 32–29 என்று கன்சாஸ் சிற்றியிடம்தான் தோற்றார். அந்த வருசத்தின் மிகப் பெறுமதியான வீரர் விருதும் அவருக்குத்தான். அடுத்த மாதமே 330 மில்லியன் ஒப்பந்தம் வந்தது, 250 உத்தரவாதம். அந்த 250 எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது, ஆனாலும் ஒப்பம் வைத்திருப்பேன்.

பிரெஸ்கொட்டுக்கு அந்த 60ஐக் கொடுத்திருக்க மாட்டேன். டலஸ் பேச்சை இழுத்தடித்து, 2024 பருவத்தின் முதல் ஆட்டத்தன்று காலையில் கையொப்பம் வைத்தது. வேறு வழி இல்லாத நிலைக்குத் தன்னைத் தானே கொண்டுவந்து விட்டுக் கொடுத்த விலை அது. இரண்டு மாதத்தில் தொடைத் தசை கிழிந்து அவர் பருவமே முடிந்தது, அணி வென்றது 7 ஆட்டம். வற்சன், ஜோன்ஸ் பற்றி மேலே வேண்டிய அளவு எழுதிவிட்டேன்.

பேர்டியில்தான் எனக்குத் தடுமாற்றம். 2025 மேயில் ஐந்து வருசத்துக்கு 265 மில்லியன் கொடுத்தார்கள். 2023இல் அவரைச் சுற்றி நல்ல ஆள்கள் இருந்தார்கள், சுப்பர் போல் வரை போனார். 2024இல் அவர்களில் பலர் காயப்பட, அணி 6 ஆட்டம்தான் வென்றது. நானாக இருந்தால் மூன்று வருசம், அதுவும் உத்தரவாதத்தை முதல் இரண்டு வருசத்தோடு நிறுத்தி எழுதியிருப்பேன். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த தெரிவில் புதுப் பையன் ஒருத்தனைப் பார்த்திருப்பேன்.